காசநோய் ரத்தப் பரிசோதனைகளை இந்தியா ஏன் தடை செய்தது? ‘தனித்தன்மை’ என்னும் அளவை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூன் மாதம் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் அரசிதழில் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. காசநோயைக் கண்டறிவதற்கென்று விற்கப்பட்டுவந்த சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பரிசோதனைக் கருவிகளை இறக்குமதி செய்வதும், தயாரிப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் அதன் வழியாகத் தடை செய்யப்பட்டன. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 2011 ஜூலையில், உலக சுகாதார நிறுவனம் இதே பரிசோதனைகளைக் காசநோய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருந்தது. காசநோய்த் துறையில் ஒரு பரிசோதனையை வேண்டாம் என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது அதுவே முதல் முறை.

ஒரு மருந்து தடை செய்யப்பட்டால் அதற்கான காரணத்தை எவரும் எளிதில் ஊகித்துவிடலாம். உடலுக்குள் செல்லும் பொருள் உடலைக் கெடுத்திருக்கும். இந்தக் கருவிகளோ யாருடைய உடலுக்குள்ளும் எதையும் செலுத்தவில்லை. கையிலிருந்து சில மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, மறுநாள் ஒரு தாளைக் கொடுத்தன. தீங்கு அந்தத் தாளில் அச்சிடப்பட்ட ‘பாசிட்டிவ்’ என்னும் ஒற்றைச் சொல்லில் இருந்தது. அந்தச் சொல் எத்தனை பேருக்குப் பொய்யாகச் சொல்லப்பட்டது என்பதை அளக்கும் அளவுகோலுக்குத்தான் தனித்தன்மை என்று பெயர். மருத்துவர்களின் பேச்சில் அது ஸ்பெசிஃபிசிட்டி. கருவியின் உறையில் அச்சாகும் ஓர் எண்ணாகவே அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அந்த எண்ணை எதற்காக, யாரிடம் அளந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அதைப் படித்தால் என்ன நேரும் என்பதற்கு இந்திய நிகழ்வைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பரிசோதனை என்னவாக இருந்தது?

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் அறிவித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே, 1898-ல், பிரான்சின் லியோன் நகரில் ஆர்லுவான் என்பவர் நோயாளியின் சீரத்தைக் கொண்டு காசநோயைக் கண்டறிய முயன்றுவிட்டார். கிருமி உடலுக்குள் நுழைந்தால் உடல் அதற்கெதிரான எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யும்; ஆகவே ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள்களைத் தேடினால் நோயைக் கண்டுகொள்ளலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம். கேட்பதற்கு முற்றிலும் நியாயமான எண்ணம்தான். வேறு பல தொற்றுகளில் அது வெற்றியும் பெற்றிருக்கிறது. எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் காட்டும் எலிசா என்னும் ஆய்வக முறை பரவிய பின்னர், ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ எனும் மூன்று வகை எதிர்ப்பொருள்களையும் அளக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. துளி ரத்தத்தில் சில நிமிடங்களில் கோடு காட்டும் அட்டைகளும் வந்தன.

இந்தியாவில் அரசின் காசநோய்த் திட்டம் இவற்றை ஒருபோதும் ஏற்கவில்லை. அங்கே சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் இருமலோடு வருபவர்களில் பெரும்பகுதியினர் முதலில் போவது தனியார் மருத்துவரிடம். தடைக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 லட்சம் சீரம் பரிசோதனைகள் செய்யப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கருவிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை. ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்த ஒழுங்குமுறை அமைப்பும் அவற்றுக்கு ஒப்புதல் அளித்திருக்கவில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் அறிவிப்பிலேயே சுட்டிக்காட்டியது. தங்கள் நாட்டு நோயாளிக்கு விற்க முடியாததை ஏழை நாட்டு நோயாளிக்கு விற்றார்கள் என்பதே இதன் பொருள், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

தனித்தன்மை எதை அளக்கிறது?

ஒரு பரிசோதனையின் திறனை இரண்டு எண்கள் சேர்ந்தே சொல்ல முடியும். நோய் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினரை அது சரியாகப் பாசிட்டிவ் என்று காட்டுகிறதோ அது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை விழுக்காட்டினரை அது சரியாக நெகட்டிவ் என்று காட்டுகிறதோ அது தனித்தன்மை. இந்த இரு சொற்களையும் நோயறிதலின் அளவுகோல்களாகத் தெளிவாக வகுத்தவர் ஜேக்கப் எருஷால்மி என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர். 1947-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை, மார்பு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு நோயறியும்போது ஏற்படும் பிழைகளை ஆராய்ந்தது. அந்நாளில் மார்பு எக்ஸ்ரே என்றாலே பெரும்பாலும் காசநோய்த் தேடல்தான். ஆக, தனித்தன்மை என்னும் அளவு காசநோயின் அருகிலேயே வளர்ந்தது என்று சொல்லலாம்.

தனித்தன்மையின் வரையறையில் நோயாளிகளுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது முழுக்க முழுக்க நோய் இல்லாதவர்களைப் பற்றிய கூற்று. தனித்தன்மை 90 விழுக்காடு என்றால், நோய் இல்லாத நூறு பேரைச் சோதித்தால் பத்துப் பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும் என்று பொருள். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்று பலர், மருத்துவர்கள் உட்பட, இதைப் படித்துவிடுகிறார்கள். அந்தப் படிப்பு தவறு என்பது கணக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு ஆயிரம் பேர் ஒரு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்றும், அவர்களில் நூறு பேருக்கு உண்மையிலேயே காசநோய் இருக்கிறது என்றும் கொள்வோம். உணர்திறன் 60 விழுக்காடும் தனித்தன்மை 90 விழுக்காடும் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனையை அனைவருக்கும் செய்தால், நோயுள்ள நூறு பேரில் அறுபது பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத தொள்ளாயிரம் பேரில் தொண்ணூறு பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 150 பாசிட்டிவ் தாள்களில் 60 மட்டுமே உண்மை. இப்போது அதே ஆயிரம் பேருக்கு, உணர்திறன் அதே 60 விழுக்காடாகவும் தனித்தன்மை 98 விழுக்காடாகவும் உள்ள சளிப் பரிசோதனையைச் செய்தால், அறுபது உண்மையான பாசிட்டிவ்களோடு பதினெட்டு பொய்யான பாசிட்டிவ்கள்தாம் வரும். நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட தாள்கள் உண்மை பேசும். இரண்டு பரிசோதனைகளும் கண்டுபிடித்த நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றே. தனித்தன்மையில் இருந்த எட்டு விழுக்காட்டு வேறுபாடு எழுபத்திரண்டு மனிதர்களாக மாறிவிட்டது.

சோதிக்கப்படுபவர்களிடையே நோய் அரிதாக அரிதாக நிலைமை மேலும் மோசமாகும். ஆயிரத்தில் பத்துப் பேருக்குத்தான் காசநோய் என்றால், அதே ரத்தப் பரிசோதனை ஆறு பேரைச் சரியாகப் பிடித்து, தொண்ணூற்றொன்பது பேரைத் தவறாகப் பிடிக்கும். மாறாக, ஆயிரத்தில் ஐந்நூறு பேருக்கு நோய் இருக்கும் நெஞ்சக நோய் மருத்துவமனை ஒன்றில், முந்நூறு உண்மையான பாசிட்டிவ்களோடு ஐம்பது பொய்யான பாசிட்டிவ்களே வரும். அப்படிப்பட்ட இடத்தில் பல்லாண்டு பணியாற்றிய மருத்துவர் ஒருவர் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது என்று தம் அனுபவத்தால் உறுதியாக நம்பக்கூடும். அவருடைய அனுபவம் பொய்யில்லை. அவர் நம்பிய அதே கருவி தெருமுனைக் கிளினிக்குக்குச் சென்றபோது, அங்கே வந்தவர்கள் வேறு மனிதர்களாக இருந்தார்கள்.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பல பரிசோதனைக்கூடங்கள் மூன்று எதிர்ப்பொருள்களையும் ஒரே தொகுப்பாகச் செய்து, மூன்று எண்களையும் ஒரே தாளில் தந்தன. அவற்றில் ஏதேனும் ஒன்று வரம்பைத் தாண்டியிருந்தாலும் மருத்துவரின் கண் அதில்தான் நிற்கும். ஒவ்வொன்றின் தனித்தன்மையும் 95 விழுக்காடு என்றும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் கொண்டால், மூன்றும் சேர்ந்து நெகட்டிவ் ஆக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 86 விழுக்காடாகக் குறைந்துவிடும். மேற்சொன்ன தொள்ளாயிரம் பேரில் ஏறத்தாழ 128 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். அதிகம் பார்த்தால் அதிகம் தெரியும் என்ற இயல்பான எண்ணம் இங்கே நேரெதிராக வேலை செய்கிறது. எச்ஐவி பரிசோதனையில் இந்தியா பின்பற்றும் முறையை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்கலாம்: அறிகுறி ஏதும் இல்லாத ஒருவருக்கு முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால், வேறு வேறு அடிப்படையில் இயங்கும் மற்ற இரண்டு பரிசோதனைகளும் அதை உறுதி செய்த பின்னரே முடிவு சொல்லப்படுகிறது. ஏதேனும் ஒன்று போதும் என்னும் விதி தனித்தன்மையைக் குறைக்கிறது. எல்லாம் ஒத்துவர வேண்டும் என்னும் விதி அதை உயர்த்துகிறது.

தனித்தன்மை ஏன் குறைந்தது?

இது வெறும் கணக்குப் பிழை அன்று. கணக்கின் அடியில் உயிரியல் இருக்கிறது. எதிர்ப்பொருளைத் தேடும் கருவியின் அடித்தட்டில் கிருமியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பொருள், அதாவது ஆன்டிஜென், ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் மாறும். அந்த ஆன்டிஜென் காசநோய்க் கிருமிக்கு மட்டுமே உரியதாக இருந்தால் பரிசோதனையும் அதற்கு மட்டுமே உரியதாக இருக்கும். ஆனால் மிக அதிகமாக ஆராயப்பட்ட எலிசா கருவிகளில் ஒன்று ஏ60 என்னும் ஆன்டிஜென் தொகுதியைப் பயன்படுத்தியது. அது பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசியின் கிருமியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமியும் அடங்கிய மைக்கோபாக்டீரியா என்னும் பெருங்குடும்பத்தின் பல உறுப்பினர்களிடம் அதுபோன்ற பொருள்கள் பொதுவாக இருக்கின்றன. பிறந்தவுடன் பிசிஜி போடப்படும் நாட்டில், மண்ணிலும் நீரிலும் நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியாக்கள் வாழும் வெப்ப நிலத்தில், அந்தக் கருவி விற்கப்பட்டது.

இந்த மண்ணின் மக்கள் எவ்வளவு பரவலாக இத்தகைய கிருமிகளை எதிர்கொள்கிறார்கள் என்பது தமிழ்நாட்டிலேயே பல பத்தாண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டுவிட்ட உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி ஆய்வு, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே பிசிஜி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதே ஆய்வின் தோல் பரிசோதனைகள், அந்தப் பகுதி மக்களில் மிகப் பெரும்பாலோர் வளரிளம் பருவத்துக்குள்ளாகவே சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களுக்கு எதிர்வினை காட்டுவதைக் காட்டின. இந்தத் தகவல் கையில் இருந்த ஒரு நாடு, மைக்கோபாக்டீரியாக்களுக்குப் பொதுவான ஆன்டிஜென்னைக் கொண்ட கருவியைப் பார்த்த உடனேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காசநோய்க் கிருமிக்கே உரிய ஆன்டிஜென்னைத் தேர்ந்தால் மட்டும் சிக்கல் முழுதும் தீர்ந்துவிடாது. கிருமி உடலில் தொற்றியிருப்பது வேறு, அது நோயாக வெளிப்படுவது வேறு. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதைக் கடந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்குக் காசநோய்த் தொற்று இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். பலர் ஆயுள் முழுவதும் நோய் வராமலே வாழ்ந்து முடிப்பார்கள். நோய் வந்து குணமானவர்களின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள்கள் நெடுநாள் தங்கியிருக்கலாம். இத்தகைய மக்களிடையே எதிர்ப்பொருள் இருக்கிறது என்று சொல்வது, இவர் எப்போதோ இந்தக் கிருமியையோ அதன் உறவினத்தையோ சந்தித்திருக்கிறார் என்று சொல்வதற்கு மேல் செல்லாது.

யாரை ஒப்பிட்டு அளந்தார்கள்?

கருவியின் உறைக்குள் இருந்த தாளில் 95, 97 போன்ற உயர்ந்த எண்கள் அச்சாகியிருந்தால் அவற்றை வெறும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. உறுதியான காசநோயாளிகள் சிலரையும், ரத்த தானம் செய்ய வந்த ஆரோக்கியமான இளைஞர்கள் சிலரையும் எடுத்துக்கொண்டு, இரு கூட்டத்தையும் கருவி பிரிக்கிறதா என்று பார்த்தால் எண் உயரமாகத்தான் வரும். ஆனால் ஆரோக்கியமான ரத்த தானியையும் முற்றிய காசநோயாளியையும் வேறுபடுத்த எந்த மருத்துவருக்கும் பரிசோதனை தேவையில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மூன்று வாரமாக இருமுகிறார், மாலையில் காய்கிறது, எடை குறைந்திருக்கிறது. அவருக்கு இருப்பது காசநோயா, நிமோனியாவா, ஆஸ்துமாவா, புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் நோயா, புற்றுநோயா என்பதுதான் கேள்வி. ஆகவே தனித்தன்மை அளக்கப்பட வேண்டியது காசநோய் போன்ற அறிகுறிகளோடு வந்து, காசநோய் இல்லை என்று பின்னர் உறுதியானவர்களிடம். அவர்களிடம் அளந்தால் எண் விழுந்துவிடுகிறது. ஒப்பீட்டுக்கு எடுத்த மனிதர்கள் மாறும்போது அளவும் மாறும் இந்தப் பிழையை 1978-லேயே ரான்சோஹாஃப், ஃபைன்ஸ்டைன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் விரிவாக எழுதிக் காட்டியிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை, சந்தையில் இருந்த 19 விரைவுப் பரிசோதனைகளை ஒரே ரத்த மாதிரிகளின் தொகுப்பில் வைத்துப் பார்த்தது. உணர்திறன் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு வரையிலும், தனித்தன்மை 53 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடு வரையிலும் சிதறிக் கிடந்தன. தனித்தன்மை நன்றாக இருந்த கருவிகளில் உணர்திறன் மிகக் குறைந்திருந்தது. இது தற்செயல் அல்ல. எலிசாவில் எந்த அளவுக்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று சொல்வது என்ற வரம்பை உயர்த்தினால் பொய்யான பாசிட்டிவ்கள் குறையும், ஆனால் உண்மையான நோயாளிகளும் நழுவிப் போவார்கள். வரம்பைத் தாழ்த்தினால் அதற்கு நேர்மாறு. யாரையுமே பாசிட்டிவ் என்று சொல்லாத ஒரு கருவிக்குத் தனித்தன்மை முழு நூறு விழுக்காடு. ஆதலால் தனித்தன்மையை மட்டும் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் எந்தக் கருவியையும் அதன் உணர்திறனைக் கேட்காமல் ஏற்கக் கூடாது.

2011-ல் உலக சுகாதார நிறுவனம் முடிவெடுப்பதற்கு முன் 94 ஆய்வுகள் பரிசீலிக்கப்பட்டன. 67 நுரையீரல் காசநோய் பற்றியவை, 27 பிற உறுப்புகளின் காசநோய் பற்றியவை. நுரையீரல் காசநோயில் உணர்திறன் 0 முதல் 100 வரை, தனித்தன்மை 31 முதல் 100 வரை என்று அந்த ஆய்வுகள் காட்டின. இவ்வளவு அகன்ற வீச்சு அந்தச் சான்றுகளின் தரம் எவ்வளவு தாழ்ந்தது என்பதையே முதலில் சொல்கிறது. அதே ஆண்டில் வெளியான ஒரு மாதிரிக் கணிப்பு இந்தியாவை எடுத்துக்கொண்டு, காசநோய் என்று சந்தேகிக்கப்படும் 15 லட்சம் பேருக்குச் சளிப் பரிசோதனைக்குப் பதில் எலிசா ரத்தப் பரிசோதனை செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. கூடுதலாக ஏறத்தாழ 14,000 நோயாளிகள் கண்டறியப்படுவார்கள். கூடவே நோயில்லாத 1,21,000 பேர் கூடுதலாக நோயாளிகள் என்று முத்திரை குத்தப்படுவார்கள். செலவும் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். கூடுதலாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் எட்டுப் பேருக்கு மேல் தவறான நோயறிதல்! அந்தக் கணிப்பில் இரண்டு முறைகளின் தனித்தன்மைக்கும் இடையே இருந்த இடைவெளி, தாளில் பார்த்தால், சில விழுக்காடுகள்தாம்.

பொய்யான பாசிட்டிவ் ஒருவருக்கு என்ன செய்கிறது?

காசநோய் என்று சொல்லப்பட்ட ஒருவர் வழக்கமாக ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்னும் நான்கும். முதல் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. நான்காவது சிலருக்குப் பார்வையைப் பாதிக்கிறது. நோய் இருப்பவருக்கு இந்த ஆபத்து ஏற்கத் தக்கது, ஏனெனில் சிகிச்சை இல்லாத காசநோய் அதைவிடப் பல மடங்கு கொடியது. நோயே இல்லாதவருக்கு இதில் எந்த நியாயமும் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, இருமலுக்கு உண்மையில் காரணமாக இருந்த நோய் அந்த ஆறு மாதமும் கவனிக்கப்படாமல் போவது. நுரையீரல் புற்றுநோய்க்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு காரணம் தேடினால் அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது.

மருந்துச் சீட்டுக்கு அப்பால் குடும்பமும் ஊரும் இருக்கின்றன. காசநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டு தனியாகிறது, குழந்தையை அருகில் விடத் தயங்குகிறார்கள், மணமாகாத பெண்ணாக இருந்தால் பேச்சுவார்த்தைகள் நின்றுவிடுகின்றன. தாள் பொய் என்று பின்னர் தெரியவந்தாலும் ஊரின் நினைவு மாறுவதில்லை. மேலும், பொய்யான பாசிட்டிவ் பெற்றவருக்குத் தாம் தவறாகக் கண்டறியப்பட்டோம் என்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆறு மாத மருந்துக்குப் பின் இருமல் தானாக நின்றிருந்தால் மருந்து குணப்படுத்தியதாகவே அவரும் மருத்துவரும் நம்புவார்கள். பிழை தன்னைச் சரி என்றே காட்டிக்கொள்ளும் இந்த அமைப்புதான் இப்பரிசோதனைகள் இவ்வளவு காலம் நீடித்ததற்கு ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

மற்ற காரணங்களை ஆய்வாளர்கள் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு அனுப்பும் மருத்துவருக்குப் பரிசோதனைக்கூடம் தரகு கொடுக்கும் வழக்கம் இருந்தது; விலை உயர்ந்த பரிசோதனையில் தரகும் உயர்வு. சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதில் வருமானம் குறைவு, வேலை அதிகம், அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடமும் உறுதியாக இருந்தது. டப்பாவில் சளியைத் துப்பிக் கொடுப்பதைவிட அது கௌரவமானதாகவும் பட்டது. சளிப் பரிசோதனை நோயாளிகளில் கணிசமானவர்களைத் தவறவிடுகிறது என்ற உண்மையும் விற்பனையாளர்களுக்குச் சாதகமாயிற்று. எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், ரத்த வகை ஆகியவற்றுக்கான கருவிகள் அந்நாளில் கடுமையாகக் கண்காணிக்கப்பட்டன. காசநோய்க் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக இவ்வளவு பெரிய சந்தையை உருவாக்கியிருக்காது.

தடைக்குப் பின்

தடை வந்தபின் சீரம் பரிசோதனைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் சில பரிசோதனைக்கூடங்கள் அந்த இடத்தில் வேறொரு ரத்தப் பரிசோதனையை வைத்தன. இக்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பரிசோதனை பரவலாக ‘டிபி கோல்டு’ என்ற பெயரில் அறியப்படுகிறது. உயிரியல் நோக்கில் இது முன்னையவற்றைவிட மிகவும் மேலானது. இதில் பயன்படும் இரண்டு புரதங்களுக்கான மரபணுக்கள் காசநோய்க் கிருமியில் உள்ளன, பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இல்லை. சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றிலும் இல்லை. எனவே பிசிஜி போட்டதால் இதில் பாசிட்டிவ் வராது. காசநோய்த் தொற்றைக் கண்டறிவதற்கு இதன் தனித்தன்மை உயர்ந்தது என்று சொல்வது முற்றிலும் சரி.

தொற்றைக் கண்டறிவதற்கு என்ற அந்தச் சொற்றொடரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் பழைய தவறு புதிய கருவியோடு திரும்பிவருகிறது. நோயை, அதாவது இப்போது சிகிச்சை தேவைப்படும் காசநோயை, கண்டறிய இதைப் பயன்படுத்தினால், நம்முடைய ஆயிரம் பேரில் நோயில்லாத தொள்ளாயிரம் பேரிடம், கணக்கெடுப்பு காட்டிய 31.4 விழுக்காட்டுத் தொற்று அளவிலேயே, ஏறத்தாழ 280 பேருக்குப் பாசிட்டிவ் வரும். அதே கருவி, அதே ரத்தம், அதே ஆய்வுத் திறன். கேட்ட கேள்வி மாறியதால் தனித்தன்மை எழுபது விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. இந்தப் பரிசோதனையை நோயறிதலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே அறிவுறுத்தியிருந்தது.

ரத்தத்தை விட்டுச் சளிக்கே திரும்பி, அதில் கிருமியின் மரபணுவை நேரடியாகத் தேடும் முறைதான் உண்மையான மாற்றாக அமைந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எக்ஸ்பர்ட் பரிசோதனை, அவ்வாண்டு வெளியான பெரிய ஆய்வில், நுண்ணோக்கியில் நெகட்டிவ் ஆன நோயாளிகளிலும் ஒரே சோதனையில் 72.5 விழுக்காட்டினரைப் பிடித்தது, தனித்தன்மை 99.2 விழுக்காடு. நோய் நடக்கும் இடத்திலிருந்தே மாதிரியை எடுத்து, அந்தக் கிருமிக்கு மட்டுமே உரிய மரபணுத் துண்டைத் தேடுவதால் இந்த உயர்வு. சந்திப்பின் தடயத்தைத் தேடுவதற்கும் கிருமியையே தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த எண்களில் தெரிகிறது.

இதன் மேம்பட்ட வடிவமான அல்ட்ரா 2017-ல் வந்தது. மிகக் குறைந்த அளவு மரபணுவையும் அது காண்கிறது. 2018-ல் வெளியான ஒப்பீட்டில் அதன் உணர்திறன் 88 விழுக்காடாகவும் பழைய எக்ஸ்பர்ட்டின் உணர்திறன் 83 விழுக்காடாகவும் இருந்தன. தனித்தன்மையோ 98-லிருந்து 96 ஆக இறங்கியது. முன்பே காசநோய் வந்து சிகிச்சை முடித்தவர்களிடம் அது 93 ஆக இருந்தது, ஏனெனில் இறந்துபோன கிருமியின் மரபணுத் துணுக்குகள் அவர்களுடைய சளியில் இன்னும் எஞ்சியிருக்கலாம். கிருமி மிகச் சொற்பமாக இருப்பதைக் காட்டும் ‘டிரேஸ்’ என்னும் முடிவு இந்தக் கருவியில் வருவதுண்டு. அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2017-ல் எல்லோருக்கும் பொதுவான ஒரே விடையைத் தரவில்லை. எச்ஐவியோடு வாழ்பவர்கள், குழந்தைகள், நுரையீரலுக்கு வெளியே காசநோய் சந்தேகிக்கப்படுபவர்கள் ஆகியோரிடம் டிரேஸ் வந்தால் அதைப் பாசிட்டிவ் என்றே கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். எச்ஐவி ஆபத்து இல்லாத மற்ற பெரியவர்களிடம் வந்தால், புதிதாகச் சளியை வாங்கி மறுபடி சோதிக்க வேண்டும்.